சாய்வுச் சீலிங்: காற்று விடுவதா, அடைத்து மூடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வீட்டைப் பெரிதாக்குகிறவர்கள் பலருக்கும் இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது. தட்டையான பழைய சீலிங்கைக் கழற்றிவிட்டு, கூரைச் சரிவோடு ஒட்டி முகடு வரை ஏறும் சாய்வுச் சீலிங் போட வேண்டும். தோட்டத்துச் சாலையோரப் பழைய வீடானாலும் சரி, செம்பனையை வெட்டிக் கட்டிய புதிய தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியானாலும் சரி, பேச்சு இதுதான். என் அக்கா வீட்டிலும் அதே பேச்சு. கூடம் பெரிதாகத் தெரியும், பார்க்கவும் அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை.

ஆனால் தட்டைச் சீலிங்குக்கு மேலே ஆள் ஏறி உட்காரும் அளவுக்கு ஒரு காலி இடம் இருந்ததே, அது போய்விடும். கூரைக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு சாண் இடுக்கு. பகல் சூடு, இரவுப் பனி, மழைச் சாரல், ஒழுக்கு எல்லாவற்றையும் இனி அந்த இடுக்குதான் தாங்க வேண்டும். அதை அமைக்க ஐந்து வழிகள் இருக்கின்றன. ஓடா தகரமா என்பதைவிட, கீழே ஏர்கோன் ஓடுமா ஓடாதா என்பதை வைத்துத்தான் எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் இது. யூடியூபில் சாய்வுச் சீலிங் பற்றித் தேடினால் வருகிற காணொளிகள் பெரும்பாலும் கனடா, அமெரிக்காவின் வடபகுதியிலிருந்து வருபவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருப்பது சூடான, ஈரமான காற்று. அது சீலிங் வழியாக மேலே கசிந்து, உறைகுளிரில் கிடக்கும் கூரைப் பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது. அதனால் அவர்கள் அறைப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஈரத்தைத் தடுக்கிறார்கள். இறவாரத்திலிருந்து முகடு வரை காற்று ஓடவிட்டு, மீறிப் போன ஈரத்தை வெளியேற்றுகிறார்கள். சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்கு காற்றுத் துளை வேண்டும் என்று இன்னமும் சொல்லப்படும் கணக்கு, 1942-இல் அமெரிக்கக் கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம் வகுத்த விதிகளில் இருந்தது. அந்த ஊர்க் குளிருக்கு அது பொருத்தம்.

நம் ஊரில் ஈரம் வெளியேதான் இருக்கிறது. மழை விட்ட ஒரு மாலையில் வெப்பம் 28 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே தண்ணீர் கோக்கும். படுக்கையறையில் ஏர்கோனை 20-இல் வைத்துத் தூங்குகிறோம். சீலிங் பலகை அந்தக் குளிரை வாங்கிக்கொள்கிறது. அதன் முதுகுப் பக்கம் வெளிக்காற்று வந்து உரசினால், கடையில் வாங்கி மேசையில் வைத்த தே ஓ ஐஸ் குவளைக்கு வேர்ப்பதுபோல் பலகைக்கும் வேர்க்கும். குவளையைத் துடைத்துவிடலாம். சீலிங்கின் முதுகை யார் துடைப்பது?

தண்ணீராகச் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். நம் ஊரின் அன்றாடச் சராசரியே ஏறத்தாழ அந்த அளவு. வெளிக்காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்த இடம் கிடைத்தால் அதற்குப் போதும். ஏர்கோன் அறைகளில் டவுன்லைட் விளக்கைச் சுற்றி முதலில் கறுப்பு வளையம் விழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளக்குக்காகப் போட்ட ஓட்டை வழியாக மேலே உள்ள ஈரக் காற்றும் கீழே உள்ள குளிர்ந்த காற்றும் சந்திக்கிற இடம் அது.

ஏர்கோன் இல்லாத வீட்டில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. உள்ளும் வெளியும் ஒரே காற்று. அங்கே வேறு ஒன்று உண்டு: தகரக் கூரை இரவில் வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். விடியற்காலையில் அதன் அடிப்பக்கம் முத்துமுத்தாகப் பனி கோத்துச் சொட்டும். லயத்து வீட்டில் சீலிங் இல்லாமல் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தாப்புக் கூரையில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஓலை தானே சூட்டைத் தடுத்தது, காற்றையும் விட்டது. என்ன, சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மற்றப் பேச்சு வீண்.

முதலாவது, உங்கள் கூரையைத் தாங்குவது எது? பழைய பலகை வீடுகளில் முகட்டு உத்தரமும் கைமரமும் இருக்கும். அவற்றில் சாய்வுச் சீலிங் போட வழி உண்டு. தாமான் வீடுகளிலோ பெரும்பாலும் முக்கோண டிரஸ்கள், மரத்தாலோ மெல்லிய இரும்பாலோ செய்தவை. அந்த முக்கோணத்தின் கீழ்ச் சட்டம் சீலிங்கைத் தொங்கவிட மட்டும் வைத்ததல்ல. இரண்டு பக்கச் சுவரையும் கூரை வெளியே தள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். "நடுவில ரெண்டை மட்டும் அறுத்துக்கலாம்" என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொறியாளர் பார்த்து மாற்று அமைப்பு வரைந்து தராமல் அதில் கைவைக்கக் கூடாது. அந்தச் செலவைக் கேட்டாலே பலர் தட்டைச் சீலிங்குக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டாவது, பழைய தோட்ட வீடுகளின் சீலிங்கிலும் கூரைத் தகட்டிலும் கல்நார் கலந்திருக்கலாம். அதை உடைத்தால், அறுத்தால், துளையிட்டால் பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பிறகே கழற்ற வேண்டும். கழற்றத் தெரிந்தவர்கள் நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்குவார்கள்.

மூன்றாவது ஒழுக்கு. தட்டைச் சீலிங் என்றால் மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்க்கலாம். சாய்வுச் சீலிங்கில் ஓர் ஆணி ஓட்டையில் புகுந்த தண்ணீர் கைமரத்தோடு வழிந்து பத்தடி தள்ளி எங்கோ தலைகாட்டும். கூரை முழுவதும் சரியாகும்வரை பலகை அடிக்கக் கூடாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் மலிவானது, கூரைக்குக் கீழே அலுமினியத் தாளை மட்டும் விரித்து, அதற்கும் கீழே பலகை அடிப்பது. ஊரில் பரவலாக நடப்பதும் இதுதான். தாள் வேலை செய்கிற விதத்தைப் புரிந்துகொண்டு போட்டால் இது மோசமில்லை. பகலில் தகரம் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு கீழே வருவது பெரும்பாலும் கதிராகத்தான். பளபளப்பான அலுமினியம் தான் பெற்ற சூட்டைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு. சாதாரணப் பலகை 90 சதவீதம் விடுகிற இடத்தில் அது 5 சதவீதம் விடும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். தாள் தொய்ந்து பலகைமேல் படிந்துவிட்டால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். மேல்நோக்கிய பக்கத்தில் வருடங்கள் போகப் போகத் தூசு படியும் என்பதால், பளபளப்புக் கீழே பார்த்திருப்பது நல்லது. மேல் வரிசைத் தாள் கீழ் வரிசையின்மேல் ஏறியிருக்க வேண்டும், கடைசி விளிம்பு பீலிக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் விடியற்காலைப் பனியும் சின்ன ஒழுக்கும் வெளியே போகும். சன்னல் திறந்து விசிறி ஓடுகிற கூடத்துக்கு, கையில் காசு குறைவு என்றால், இது போதும். ஏர்கோன் அறைக்குப் போதாது.

அடுத்தது முறையான காற்றோட்டக் கூரை. மேலே ஓடு, அதன்கீழ் தாள், அதற்கும் கீழே இரண்டு அங்குலக் காற்று வழி, பிறகு ராக்வூல் என்னும் சூடு தடுக்கும் கல் பஞ்சு, பிறகு பலகை. இறவாரத்தில் புகும் காற்று சூடேறி, வழியோடு மேலேறி, முகட்டில் வெளியேறும். சூட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அதைவிட முக்கியம், மழைச் சாரலோ ஒழுக்கோ உள்ளே வந்தால் காய்வதற்கு வழி இருக்கிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உளுக்காது. காற்றோட்டம் அதற்கு உதவும். பழைய கைமரம் உள்ள, ஏர்கோன் இல்லாத கூடத்துக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

ஆனால் இதைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் போவதுதான் அதிகம். இரண்டு கைமரங்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடுக்கும் தனித்தனி வழி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாயும் மேலே ஒரு வாயும் வேண்டும். மேலே சுழலும் காற்றாடி ஒன்றை வைத்துவிட்டால் அது நிற்கிற இடுக்கில் மட்டும் இழுக்கும், மற்றவை அப்படியே கிடக்கும். கூரைக் கண்ணாடி வைத்த இடத்தில் வழி அடைபடும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தில் கீழ்வாயே இருக்காது. சரிவு 15 டிகிரிக்குக் குறைந்தால் காற்று நகரவே யோசிக்கும். நான்கு அங்குலக் கைமரத்தில் இரண்டு அங்குலம் காற்றுக்குக் கொடுத்தால் ராக்வூலுக்கு மிஞ்சுவதும் இரண்டுதான். தடிப்பாக வாங்கி அமுக்கித் திணித்தால் காற்று வழி செத்தது. அப்புறம் வலை. தோட்டத்து ஓரத்தில் வீடு இருந்தால் மைனா, வௌவால், எலி, எல்லாவற்றுக்கும் மேலாக மூசாங் என்னும் மரநாய். ஒருமுறை மூசாங் குடிபுகுந்த சீலிங்கின் வாடை உங்கள் ஆயுசுக்கும் மறக்காது. உறுதியான துருப்பிடிக்காத வலையை எல்லா வாயிலும் அடித்தே ஆக வேண்டும். அந்த வலையில் தூசு அடையும் என்பதால் அவ்வப்போது துடைக்கவும் வேண்டும்.

இதே அமைப்பை ஏர்கோன் அறைக்குமேல் வைப்பதுதான் வம்பு. வெளி ஈரத்தை ராத்திரி முழுக்க வரவழைத்துக் குளிர்ந்த பலகையின் முதுகுக்குக் கொண்டுபோகிறோம். ராக்வூல் ஈரத்தைத் தடுக்காது, காற்று அதனூடே போகும். அதுவும் போதாதென்று, வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்தாலோ, பி.வி.சி. சீலிங் அடித்தாலோ, தண்ணீர் அந்தத் தாளின்மேல் தேங்கி ராக்வூலை நனைக்கும். நனைந்த ராக்வூல் கனக்கும், சூட்டையும் தடுக்காது. நம் ஊரில் ஈரத்தடுப்பு எப்போதும் வெளிப்பக்கம், அதாவது கூரைப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நுரை அடிப்பது. மூடிய செல், அதாவது குமிழிகள் மூடியபடி இறுகும் பி.யு. (பாலியூரித்தேன்) நுரையைத் தகரத்தின் அடியில் நேரடியாக ஸ்பிரே செய்தால் காற்றும் ஈரமும் போக வழியில்லை. பனி கோப்பது நின்றுவிடும், மழைச் சத்தமும் ஓரளவு குறையும். இரண்டு அங்குல நுரை மூன்று அங்குல ராக்வூலுக்குச் சமம். சரிவு குறைந்த மெட்டல் டெக் போட்ட பின்கட்டு அறைகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை, ஏனென்றால் அங்கே காற்றோட்டம் எப்படியும் நடக்காது. திறந்த செல் நுரை விலை குறைவு. ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும், ஓட்டுக் கூரைக்கு வேண்டவே வேண்டாம்.

நுரையில் எனக்குப் பிடிக்காதவை சில உண்டு. ஓட்டின் அடியில் அடித்தால் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உடைந்த ஓடு ஒன்றை மாற்றுவது பெரும்பாடு. பழைய மரத்தின்மேல் அடித்தால் கைமரத்தை இனிக் கண்ணால் பார்க்க முடியாது. ஒழுக்கு விழுந்தால் தண்ணீர் நுரைக்கும் மரத்துக்கும் நடுவில் தங்கும், கறையான் வந்தாலும் தெரியாது. கறையானுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன? நுரை தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அதைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். அடிக்கிற அன்று வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, நெடி போகும்வரை படுக்கவும் கூடாது.

நான்காவது வழியில் எல்லாவற்றையும் கைமரத்துக்கு மேலே கொண்டுபோய்விடுகிறோம். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் பி.யு. அடைத்த சேண்ட்விச் பேனலே கூரையாகிறது. கீழே கைமரங்கள் அப்படியே வெளியே தெரியும். மறைந்த இடுக்கே இல்லாததால் பூஞ்சணத்துக்கு ஒளிய இடமில்லை. மேல் தகடே ஈரத்தடுப்பு, அதுவும் சரியான பக்கத்தில். மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525, இலேசான கூரைக்கு வெப்பக் கடத்தல் அளவு (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு) 0.4 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அது குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு எழுதியதுதான், ஆனாலும் வீட்டுக்கு நல்ல அளவுகோல். 50 மில்லிமீட்டர் பி.யு. பேனல் ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடும். ராக்வூலில் அதை எட்ட வேண்டுமானால் 100 மில்லிமீட்டரை நெருங்க வேண்டும், அல்லது ராக்வூலோடு தாளையும் காற்று இடைவெளியோடு சேர்க்க வேண்டும். இதற்குள் ஓர் ஏமாற்றும் நடக்கிறது. தகரத்தின் அடியில் விரல் தடிப்புக்கூட இல்லாத பி.இ. (பாலிஎத்திலீன்) பஞ்சு ஒட்டிய தகட்டையும் "இன்சுலேஷன் உள்ள டெக்" என்றே விற்கிறார்கள். அது பனி சொட்டாமல் பிடிக்கும், வெயிலுக்கு அதிகம் உதவாது.

பேனலின் குறை செலவுதான். பழைய கூரையை முழுதாக இறக்க வேண்டும். பேனல்கள் சேரும் இடங்களிலும், பேனல் சுவரைத் தொடும் இடத்திலும் சீலன்ட் ஒழுங்காக இல்லாவிட்டால் ஈரக் காற்று அங்கேதான் உள்ளே நுழையும். மழைச் சத்தமும் ஓட்டுக் கூரையைவிட அதிகம்.

ஐந்தாவது, தட்டைச் சீலிங்கை விட்டுவைத்து, அதன்மேல் ராக்வூலைப் பரப்புவது. ஏர்கோன் அறையானால், முன்பு சொன்னபடி ஈரத்தடுப்பு ராக்வூலுக்கு மேலே இருக்க வேண்டும். இதைப் பற்றி எழுத அதிகமில்லை. மலிவு, மேலே ஏறிப் பார்க்கலாம், ஏர்கோன் குளிர்விக்க வேண்டிய காற்றும் குறைவு. படுக்கையறை எதற்கும் நான் இதைத்தான் சொல்வேன். படுத்துக்கொண்டு முகட்டைப் பார்ப்பதில் என்ன கிடைக்கப் போகிறது?

இனி அக்கா வீடு. முன்கூடம் பழைய கைமரக் கூரை, நல்ல சரிவு, ஓடு உடைந்து மாற்ற வேண்டிய நிலை. பின்னால் பிறகு சேர்த்த இரண்டு அறைகள், தகரம், சரிவே இல்லாத கூரை, இரண்டிலும் ஏர்கோன். பின் அறைகளுக்கு முடிவு சுலபம்: தகரத்தின் அடியில் மூடிய செல் நுரை, தட்டைச் சீலிங் இருந்தபடியே இருக்கட்டும். கூடத்துக்குக் காற்றோட்டக் கூரைதான் என்று நான் எழுதியே கொடுத்துவிட்டேன். அப்போது மாமா மெதுவாகச் சொன்னார்: "இப்ப இல்ல தம்பி, ஆனா பிள்ளைக்கு நிச்சயம் வைக்கிறதுக்குள்ள கூடத்துக்கும் ஏர்கோன் போட்டுரலாம்னு இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தையில் கணக்கு மாறிவிட்டது. இன்று காற்றோட்டம் விட்டு, இரண்டு வருடம் கழித்து அதன்கீழ் ஏர்கோனை ஓடவிட்டால், முன்பு சொன்ன வேர்வைதான். எப்படியும் ஓடு மாற்றப் போகிறார்கள், அதனால் கூடத்துக்குப் பேனல் போடுங்கள் என்று சொன்னேன். நுரையைவிடப் பேனலைச் சொன்னதற்குக் காரணம் அந்தப் பழைய கைமரங்கள். அவை கண்முன்னே இருந்தால் கறையானின் மண் தடம் ஏறும் அன்றே தெரிந்துவிடும். அக்காவுக்கு மழைச் சத்தம் கவலை. மழை பெய்கிற நேரத்தில் டிவி கேட்காதுதான், அதற்கு என்னிடம் மருந்தில்லை. மாமா ஏர்கோன் ஆசையை விட்டுவிட்டால், நான் மறுபடியும் ஓட்டுக்கும் காற்றோட்டத்துக்கும் திரும்பிவிடுவேன். செலவும் குறையும்.

எந்த வழி என்றாலும் சமையலறை, குளியலறை விசிறிகளின் குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும், சீலிங் இடுக்குக்குள் விடக் கூடாது. சாய்வுச் சீலிங்கில் டவுன்லைட் ஓட்டைகளைத் தவிர்த்துவிட்டுச் சுவரில் விளக்கு வைப்பது நல்லது. ஏர்கோனை 20-க்குப் பதில் 25-இல் வைத்து விசிறியையும் ஓடவிட்டால் பாதித் தொல்லை குறையும், கரண்ட் பில்லும் இறங்கும்.

குத்தகைக்காரரிடம் விலை வாங்கும்போது "இன்சுலேஷன்" என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், தாளின் பளபளப்பு எந்தப் பக்கம், காற்று வழி எத்தனை அங்குலம், எந்தெந்த இடுக்குக்கு மேல்வாய் கீழ்வாய் உண்டு என்று எழுதி வாங்குங்கள். பலகை அடிப்பதற்கு முன் ஒவ்வோர் இடுக்கையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கே ஒருவர் கூரைமேல் ரப்பர் குழாயால் முகட்டிலிருந்து இறவாரம் வரை அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கட்டும், இன்னொருவர் கீழே நின்று பார்க்கட்டும். எங்காவது ஈரம் தெரிந்தால் அதைச் சரிசெய்து, மறுபடி தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே பலகை ஏற வேண்டும், மீதிப் பணமும் அதற்குப் பிறகுதான்.